எட்டிக்கொட்டையிலிருந்து இனிப்பு உருண்டை வரை: ஹோமியோபதி ஓர் அறிமுகம்

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் மூன்றைத் தனியே எடுத்து ஆசிரியர் எனக்கு அனுப்பி வைத்திருந்தார். முதல் கடிதம் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு வாசகி எழுதியது. 'மாமியாருக்கு 62 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மூட்டு வலிக்காக ஹோமியோபதி பார்க்கப் போனோம். வலி கொஞ்சம் தேவலை. இப்போது சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டு உருண்டை மருந்தை மட்டும் சாப்பிட்டால் போதும் என்கிறார்கள். நிறுத்தலாமா?' இரண்டாவது, நான்கு கறவை மாடு வைத்திருக்கும் திருக்கனூர் பக்கத்து வாசகருடையது. மடிநோய்க்கு ஹோமியோபதி கொடுத்தால் பாலில் மருந்து எச்சம் இருக்காதாமே, உண்மையா என்று கேட்கிறார். மூன்றாமவர் நெட்டப்பாக்கத்தில் கத்தரி வைத்திருக்கிறார். 'பயிர் ஹோமியோபதி' என்று ஒரு பாட்டிலை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து விற்கிறார்களாம்.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் ஒரு மருந்தைத் தண்ணீரில் எவ்வளவு கலப்பது என்ற கணக்கும், கலந்து அடித்த மருந்து உண்மையில் வேலை செய்ததா என்று திடல் போட்டுப் பார்க்கும் கணக்கும் வேளாண்மைத் துறைக்காரர்களின் அன்றாடம். ஹோமியோபதியைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு கணக்கும் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி மருந்து அல்லாத எல்லாவற்றையும் நம் ஊரில் ஒரே கூடையில் போட்டு 'நாட்டு மருந்து' என்று சொல்லிவிடுகிறோம். ஹோமியோபதி நாட்டு மருந்து அல்ல, பச்சிலை வைத்தியமும் அல்ல. சித்த மருத்துவத்தில் நிலவேம்பையோ ஆடாதொடையையோ கைப்பிடி கணக்கில் போட்டுக் காய்ச்சுகிறோம். அங்கே செடியின் சத்து குடிநீரில் இறங்குகிறது, கசப்பை நாக்கே சொல்லும். ஹோமியோபதியின் வழி வேறு. அது ஜெர்மனியிலிருந்து வந்தது, வயது இருநூற்றுச் சொச்சம்தான்.

அதைத் தொடங்கியவர் சாமுவேல் ஹானிமன். 1755 ஏப்ரல் 10-இல் மெய்சன் என்ற ஊரில் பிறந்தவர், படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர். அவர் காலத்து வைத்தியம் கொடூரமானது. காய்ச்சல் என்று போனால் நரம்பை வெட்டி ரத்தம் இறக்குவார்கள், அட்டை விடுவார்கள், பாதரசம் கொடுப்பார்கள். நோய் கொல்லாதவனை வைத்தியம் கொன்ற காலம் அது. ஹானிமன் அதில் வெறுத்துப்போய் வைத்தியத்தை விட்டுவிட்டுப் புத்தகம் மொழிபெயர்த்துப் பிழைத்தார். 1790-இல் அப்படி ஒரு மருத்துவ நூலை மொழிபெயர்க்கும்போது, மலேரியாவுக்குக் கொடுக்கும் சிங்கோனாப் பட்டையைத் தானே தின்று பார்த்தார். காய்ச்சல்காரனுக்கு வருவது போன்ற குளிரும் படபடப்பும் தனக்கு வந்ததாக எழுதினார். இது நமக்கும் பழக்கமான மரம்தான். கொய்னா எடுப்பதற்காக ஆங்கிலேயர்கள் 1860-களில் நீலகிரியில், நடுவட்டம் பக்கமெல்லாம், அதைப் பயிரிட்டார்கள்.

அந்த ஒரு சோதனையிலிருந்து ஹானிமன் ஒரு விதியைச் சொன்னார். நல்ல உடம்பில் எந்தப் பொருள் எந்த அறிகுறியை உண்டாக்குகிறதோ, அதே அறிகுறியோடு வரும் நோயாளிக்கு அந்தப் பொருளே மருந்து. முள்ளை முள்ளால் எடுப்பது என்று நாம் சொல்வோமே, அந்த யோசனைதான். 1796-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார், 1810-இல் முழு நூலாக்கினார். கடைசிக் காலத்தில் பாரிஸ் நகரத்தில் குடியேறி, 1843-இல் அங்கேயே இறந்தார்.

ஹோமியோபதிக் கடையில் லத்தீன் பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவற்றில் பல நம் வரப்பிலும் வேலியிலும் இருப்பவை. நக்ஸ் வாமிகா என்பது எட்டிக்கொட்டை. அனகார்டியம் ஓரியண்டேல், சேராங்கொட்டை. ஸ்ட்ராமோனியம் ஊமத்தை இனம், டபாக்கம் புகையிலை. நேட்ரம் மூரியாட்டிகம் என்ற பெரிய பெயருக்குச் சொந்தக்காரர் சாதாரண உப்பு. ஏபிஸ் என்பது தேனீ. அல்லியம் செபா வெங்காயம். வெங்காயம் நறுக்கினால் கண்ணில் நீர் வழியும், மூக்கு ஒழுகும். அதனால் கண்ணிலும் மூக்கிலும் நீராய்க் கொட்டும் சளிக்கு அல்லியம் செபா கொடுப்பார்கள். விதியை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எட்டிக்கொட்டையும் சேராங்கொட்டையும் விஷமாயிற்றே, எப்படி உள்ளே கொடுக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் கலவைக் கணக்கு வருகிறது.

சொட்டுக் கணக்கு

மூலப்பொருளைச் சாராயத்தில் ஊறவைத்து எடுப்பது தாய்த் திராவகம். அதில் ஒரு சொட்டு, 99 சொட்டு சாராயம் அல்லது தண்ணீர், நன்றாகக் குலுக்கினால் கிடைப்பது 1 சி. அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மறுபடி 99 சொட்டில் விட்டுக் குலுக்கினால் 2 சி. இப்படியே 6, 30, 200 என்று போகும். எண் ஏற ஏற வீரியம் கூடும் என்பது ஹோமியோபதியின் கொள்கை. நம் கணக்குக்கு நேர் எதிர். 10 லிட்டர் டேங்குக்கு 20 மில்லி மருந்து ஊற்றினால் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதையே 2 மில்லியாகக் குறைத்தால் வீரியம் கூடியது என்று எந்த உழவரும் சொல்லமாட்டார்.

ஆனாலும் அளவு சிறியது என்பதற்காகவே ஒன்றைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. 3 சி என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு பி.பி.எம். உளுந்து பூக்கும்போது என்.ஏ.ஏ. பயிர் ஊக்கியை 40 பி.பி.எம். அளவில்தான் அடிக்கச் சொல்கிறோம், பூ உதிர்வது நிற்கிறது. சின்ன அளவு வேலை செய்யும். பொருள் உள்ளே இருக்கும்வரை.

இனி மேலே போவோம். 6 சி என்பது லட்சம் கோடியில் ஒன்று. பன்னிரண்டரை ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் ஏரியில் ஒரே ஒரு சொட்டு விட்டதற்குச் சமம். 9 சிக்கு ஒரு சொட்டைக் கரைக்க மேட்டூர் அணை முழுக்கொள்ளளவில் ஏறத்தாழ 19 வேண்டும். 12 சியைத் தாண்டினால் கணக்கு முடிந்துவிடுகிறது. எந்தப் பொருளும் மூலக்கூறுகளால் ஆனது, அவற்றுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு, அந்த எண்ணிக்கையை அங்கே தாண்டிவிடுகிறோம். மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது உங்கள் பாட்டிலில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 30 சியிலும் 200 சியிலும் இருப்பது சாராயம், அதை உறிஞ்சிய சர்க்கரை உருண்டை, அவ்வளவுதான். விஷக்கொட்டையைத் தைரியமாகக் கொடுப்பதன் ரகசியமும் இதுதான்.

இது ஹோமியோபதி மருத்துவர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. பொருள் போனாலும் குலுக்கக் குலுக்க அதன் குணம் தண்ணீரில் பதிந்துவிடுகிறது என்பது அவர்கள் பதில். அப்படிப் பதிவதை யாரும் உறுதியாக அளந்து காட்டவில்லை. தடுப்பூசியும் இதே விதிதானே என்று சிலர் சொல்வதுண்டு. தடுப்பூசியில் நோய்க்கிருமியின் பகுதி அளந்து சொல்லக்கூடிய எடையில் இருக்கிறது, போட்டபின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாவதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாட்டிலில் எண் சிறியதாக இருந்தாலோ தாய்த் திராவகமாக இருந்தாலோ அதில் பொருள் உண்மையாகவே இருக்கிறது. ஆர்சனிகம் ஆல்பம் என்பது பாஷாணம். குறைந்த வீரியம் என்று எழுதிய பாட்டில்தான் நம் கணக்குப்படி அதிக விஷம். சாராயமும் கணிசமாக இருக்கும். 12 சதவீதத்துக்கு மேல் சாராயம் உள்ள ஹோமியோபதி மருந்தைச் சில்லறையில் 30 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் விற்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. பூச்சிமருந்துப் பெட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைப்பதுபோல இதையும் வைக்க வேண்டும்.

நம் பக்கம் வந்த கதை

மேல்நாட்டில் பிறந்தாலும் ஹோமியோபதி செழித்தது இந்தியாவில்தான். 1839-இல் லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்குக்கு ஹோனிக்பெர்கர் என்பவர் வைத்தியம் பார்த்ததிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேய மருத்துவர் 1840-களிலேயே தஞ்சாவூர், புதுக்கோட்டை அரசர்களின் ஆதரவில் ஹோமியோபதி மருத்துவமனை நடத்தினார். மங்களூரில் அகஸ்டஸ் முல்லர் என்ற பாதிரியார் 1880-இல் ஏழைகளுக்காகத் தொடங்கிய மருந்தகம், இன்று அவர் பெயரிலேயே பெரிய மருத்துவமனையாக நிற்கிறது.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் கல்கத்தாவின் மகேந்திரலால் சர்க்கார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் வாங்கிய இரண்டாவது ஆள். ஹோமியோபதியைக் கடுமையாகத் திட்டிக்கொண்டிருந்தவர், பிறகு மனம் மாறி, 1867-இல் அதை மேடையிலேயே அறிவித்தார். மற்ற மருத்துவர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். அதே மனிதர்தான் 1876-இல், இந்தியர்கள் தங்கள் கையாலேயே சோதனை செய்து அறிவியல் வளர்க்க வேண்டும் என்று ஒரு சங்கம் அமைத்தார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், நோபல் பரிசு வாங்கித் தந்த ஆராய்ச்சியை 1928-இல் செய்தது அந்தச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில்தான். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருந்தன.

ஏன் இந்த மண்ணில் இவ்வளவு வேகமாகப் பரவியது? காலரா ஒரு காரணம். அப்போதைய மற்ற வைத்தியர்கள் காலராக்காரனுக்கு ரத்தம் இறக்கினார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், சில இடங்களில் தண்ணீரையே தடுத்தார்கள். ஹோமியோபதிக்காரர் உருண்டையைக் கொடுத்துவிட்டு உடம்பைச் சும்மா விட்டார். அதனாலேயே அவரிடம் போனவர்களில் அதிகம் பேர் பிழைத்திருக்கக்கூடும். காலராவுக்குத் தேவைப்பட்டது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் என்பது பின்னால்தான் தெளிவானது. 1971-இல் வங்க அகதிகள் முகாமில் திலீப் மகாலானாபிஸ் என்ற மருத்துவர் அதை ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்துக் காட்டினார். இன்று உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதுதான்.

இந்தியாவில் ஹோமியோபதி சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமுறை. 1973-இல் தனிச் சட்டம் வந்தது, 2020-இல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பி.எச்.எம்.எஸ். படிப்பு, பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் 1975 முதல் அரசுக் கல்லூரி இருக்கிறது. மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் குழுமத்தின் பிரிவு ஒன்று நம் புதுச்சேரியிலும் உண்டு. ஆக, யாரிடம் போனாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள். 'எலக்ட்ரோ ஹோமியோபதி' என்று பலகை இருந்தால் அது வேறு, அதற்கு மத்திய அரசின் அங்கீகாரம் கிடையாது. சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு இவற்றைக் குணமாக்குகிறோம் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேபிள் டிவியில் ஓடுகிறதே என்றால், ஓடுகிறதுதான்.

ஒப்பீட்டுத் திடல் சொல்வது

சட்டம் அங்கீகரித்துவிட்டது என்பதால் வேலை செய்கிறது என்று ஆகாது. அதற்கு வேறு சோதனை உண்டு.

அவரை அசுவினிக்கு ஒருவர் ஏதோ ஒரு கரைசல் அடித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் நல்ல மழை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் அசுவினி இல்லை. 'சார், கரைசல் பிரமாதம்' என்று உழவர் உதவியகத்தில் வந்து சொல்வார். நாம் என்ன கேட்போம்? அடிக்காத பாத்தியில் அசுவினி இருக்கிறதா? அங்கேயும் மழை கழுவியிருந்தால் பெருமை மழைக்குத்தான். அதற்காகத்தான் செயல்விளக்கத் திடல் போடும்போதெல்லாம் பக்கத்திலேயே மருந்தடிக்காத ஓர் ஒப்பீட்டுத் திடல் விடுகிறோம்.

மனித உடம்பிலும் மழை பெய்கிறது. சளி ஒரு வாரத்தில் தானாக அடங்கும். மூட்டு வலி ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடிப் போகிறோம், அதற்குப் பிறகு இறங்குவதுதான் அதன் இயல்பு. போதாததற்கு, மருந்து சாப்பிட்டோம் என்ற நம்பிக்கையே வலியைக் கொஞ்சம் குறைக்கும். எனவே மருத்துவத்தில் ஒப்பீட்டுத் திடல் என்பது இப்படி: பாதிப் பேருக்கு மருந்து ஏற்றிய உருண்டை, பாதிப் பேருக்கு வெற்று உருண்டை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. முடிவில் எண்ணிப் பார்ப்பது.

இப்படி நடந்த 176 ஆய்வுகளை ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு திரட்டிப் பார்த்து 2015-இல் அறிக்கை கொடுத்தது. 61 வகை நோய்களில் ஒன்றுக்குக்கூட, ஹோமியோபதி வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பது முடிவு.

நம் ஊருக்கு நெருக்கமான செய்தி பிரான்சிலிருந்து வருகிறது. ஹானிமன் கடைசியாக வாழ்ந்த அந்த நாட்டில் ஹோமியோபதிக்குச் செல்வாக்கு அதிகம். மருந்துச் செலவில் ஒரு பகுதியை அரசுக் காப்பீடு திருப்பிக் கொடுத்து வந்தது. புதுச்சேரியில் சொல்தா குடும்பங்களுக்குப் பழக்கமானவர்கள், அங்கிருந்து வரும் உறவினர் பையில் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். 2019-இல் பிரெஞ்சு அரசின் சுகாதார ஆணையம் ஏறத்தாழ 1,200 மருந்துகளை ஆராய்ந்து, காப்பீட்டில் வைத்திருக்கப் போதிய பயன் காட்டவில்லை என்றது. 2021 ஜனவரி 1 முதல் அந்தத் தொகை அடியோடு நின்றது. மருந்தைத் தடை செய்யவில்லை. வேண்டியவர்கள் தங்கள் காசில் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஹோமியோபதி மருத்துவர்கள் இந்த ஆய்வுகளை ஏற்பதில்லை. ஒரே நோய்க்கு ஆளுக்கு ஆள் மருந்து மாறும், அதைக் கூட்டமாகச் சோதிக்க முடியாது என்கிறார்கள். ஆளுக்கு ஏற்ற மருந்தை அவர்களே தேர்ந்தெடுக்க விட்டு, கொடுக்கும்போது மட்டும் பாதிப் பேருக்கு வெற்று உருண்டையாக மாற்றிச் சோதிக்கலாம். அப்படியும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. என் மனதுக்குப் பட்டதைச் சொன்னால், உருண்டையில் மருந்து இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர்களிடம் நாம் கற்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு நல்ல ஹோமியோபதி மருத்துவர் முதல் நாள் முக்கால் மணி நேரம் உட்காரவைத்துக் கேட்கிறார். தூக்கம் எப்படி, எந்த நேரத்தில் வலி கூடுகிறது, மனதில் என்ன கவலை என்று விசாரிக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு வரும் நம் அம்மாக்களுக்கு அதுவே பாதி மருந்து. சாதாரணச் சளிக்கெல்லாம் ஆண்டிபயாடிக் விழுங்குவதைவிட உருண்டையோடு காத்திருப்பது நல்லது என்றுகூடச் சொல்வேன்.

மாட்டுக்கும் பயிருக்கும்

திருக்கனூர் வாசகருக்கு வருகிறேன். 30 சி மருந்தால் பாலில் எச்சம் இருக்காது என்பது உண்மைதான். எச்சம் நிற்க ஏதாவது இருந்தால்தானே நிற்கும்? ஐரோப்பிய அங்கக வேளாண்மை விதிகளே ரசாயன மருந்துக்கு முன் மூலிகையையும் ஹோமியோபதியையும் பார்க்கச் சொல்கின்றன. ஆனால், அந்த மாட்டுக்கும் அந்த நோய்க்கும் பலன் தந்தால் என்ற நிபந்தனையோடு. பலன் இருக்கிறதா என்று நார்வே நாட்டில் மடிநோய் வந்த கறவை மாடுகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஹோமியோபதி, ஒன்றுக்கு ஆண்டிபயாடிக், ஒன்றுக்கு வெற்று மருந்து. 2004-இல் முடிவு வெளியானது. மூன்று கூட்டத்திலும் நோய் அறிகுறி குறைந்தது. வெற்று மருந்தைவிட ஹோமியோபதி மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மாட்டுக்கு நம்பிக்கை ஏது என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டுக்கு இல்லாவிட்டாலும் பார்க்கும் நமக்கு இருக்கிறது. தானாகத் தேறும் மாடும் நிறைய.

எச்சத்துக்குப் பயந்து வேறு வழி தேடுகிறீர்கள் என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் திரும்பத் திரும்பப் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பியிருக்கிறது, தேசிய பால்வள வாரியமும் எடுத்துக்கொண்டிருக்கிறது. இது மரபுவழி மூலிகை மருத்துவம். ஹோமியோபதி அல்ல, இங்கே பொருள் கிராம் கணக்கில் இருக்கிறது. ஆரம்ப நிலைக்கு இது. மடி கல்லாகிவிட்டால், பால் ரத்தமாக வந்தால், மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலில் நின்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோமாரித் தடுப்பூசிக்குப் பதில் உருண்டை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒரு மாட்டுக்குப் போடாமல் விட்டால் தெருவுக்கே ஆபத்து.

நெட்டப்பாக்கம் கத்தரிக்காரருக்குப் பதில் சின்னது. பயிர் ஹோமியோபதி எந்தப் பயிருக்கும் நம் துறையின் பரிந்துரையில் இல்லை. பாட்டில் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் தோட்டத்தில் பத்துப் பாத்திக்கு அடியுங்கள், பத்துப் பாத்தியை விடுங்கள், இரண்டிலும் காய்ப்புழு தாக்கிய காயை எண்ணுங்கள். அதுவரை இனக்கவர்ச்சிப் பொறியைக் கழற்றாதீர்கள். எண்ணிக்கையை எங்களுக்கு எழுதினால் அடுத்த இதழில் போடுகிறோம்.

காத்திருக்கக் கூடாத இடங்கள்

மருந்தடிக்கும்போது தலை சுற்றி, வாயில் எச்சில் ஊறி, கண்மணி சுருங்கிப்போனால் அது பூச்சிமருந்து ஏறியதன் அடையாளம். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, மருந்து டப்பாவோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அட்ரோபின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். ஊமத்தை இனத்துச் செடிகளில் இருக்கும் அதே பொருள்தான். மில்லிகிராம் கணக்கில் அளந்து, தேவைப்பட்டால் சில நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி ஏற்றி ஆளை மீட்கிறார்கள். அதே குடும்பத்துச் செடியிலிருந்து செய்த பெல்லடோனா 30 சி ஹோமியோபதிக் கடையில் இருக்கிறது, அதில் அட்ரோபின் இல்லை. செடி நல்லதா கெட்டதா என்பதல்ல கேள்வி, உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பதே.

பாம்புக் கடிக்கும் அப்படித்தான். கடிபட்ட கை காலை அசைக்காமல், கட்டோ கீறலோ போடாமல், 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து ஊசியில் மட்டும்தான் இருக்கிறது. குழந்தைக்குப் பேதி என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண் குழிந்து, சிறுநீர் நின்று, குழந்தை துவண்டுவிட்டால் வீட்டில் ஒரு நிமிடம்கூட வைத்திருக்கக் கூடாது.

இனி பாகூர் வாசகிக்கு. அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் அக்கா நினைவுதான் வந்தது. அவருக்கும் சர்க்கரை. இனிமேல் ஆங்கில மருந்து வேண்டாம், எங்களிடம் மூன்று மாதம் சாப்பிடுங்கள் என்று ஒருவர் சொன்னார். அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டார். 'உடம்பு இப்பதான் லேசா இருக்குடா தம்பி' என்றார். சர்க்கரை ஏறினால் வலிக்காது, அதுதான் அதன் சூது. நடவு வயலில் காலில் ஏதோ கிழித்திருக்கிறது, உணர்ச்சி இல்லாததால் கவனிக்கவில்லை. கட்டை விரலும் பக்கத்து விரலும் போயின. நான் பட்டம் படித்தவன், அவர் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போய்வந்தவன், என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மாமியாரின் சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டாம். மூட்டு வலிக்கு அந்த மருத்துவரிடம் போவது அவருக்கு ஆறுதலாக இருக்கிறது என்றால் போய்வரட்டும், சண்டை வேண்டாம். ஆனால் இரண்டு இடத்திலும் இரண்டு மருந்தையும் காட்டச் சொல்லுங்கள். சர்க்கரை உருண்டைக்குப் பதில் சொட்டு மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கேளுங்கள். வெறும் வயிற்றில் எடுத்த ஒருநாள் சர்க்கரை போதாது. ராத்திரி படுக்கும் முன் அவர் பாதத்தை, விரல் இடுக்கெல்லாம், விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வயலுக்குப் போகும்போது செருப்பில்லாமல் அனுப்பாதீர்கள்.